தனி வளையும் சொந்த வளையும்

கூடுவாஞ்சேரிக்கு அருகே ஓர் உறவினர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் சித்தப்பா கேட்டார்: "என்ன மாப்ள, நீங்க எப்போ? இன்னும் எத்தனை வருஷம் வாடகைன்னு தண்ணியில கொட்டப் போறீங்க? அந்தக் காசை இஎம்ஐ கட்டியிருந்தா இந்நேரம் வீடு உங்க பேர்ல இருந்திருக்கும்." எதிர் வரிசையில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி எதுவும் காதில் விழாதது போல் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

சித்தப்பா எங்கள் மேல் அக்கறை உள்ளவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்ன வாக்கியம் தாம்பரத்திலும் அம்பத்தூரிலும் ஆவடியிலும் எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் காதில் விழுகிறது. அதைக் கேட்டுக் கூனிக் குறுகி, தாங்க முடியாத கடனில் போய் விழுந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் தவறு. கணக்கிலும் தவறு, வாழ்க்கைக்கும் பொருந்தாதது.

"அந்தக் காசை" என்கிறார். எந்தக் காசை? குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் 950 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொள்வோம். நாலு பேர் உள்ள குடும்பம் இடித்துக்கொள்ளாமல் புழங்கலாம். விலை 60 லட்சம், அதே வீட்டுக்கு வாடகை 18 ஆயிரம் என்று வைப்போம். தெருவுக்குத் தெரு இரண்டும் ஏறி இறங்கும். ஆனால் விலைக்கும் வாடகைக்கும் நடுவே உள்ள இந்தத் தூரம் புறநகரில் வீடு பார்த்து அலைந்த எவருக்கும் புதிதாக இருக்காது.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில் வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனவே 12 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும். மறுவிற்பனையில் வாங்கும் ஃபிளாட் என்றால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. உண்மை விலையைப் பத்திரத்தில் காட்டினால் அது 5 லட்சத்து 40 ஆயிரம். இதையும் வங்கி தராது. ஆக வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே 17 லட்சத்து 40 ஆயிரம் காலி. நடுத்தரக் குடும்பத்தில் இந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்பது ஊரறிந்தது. பி.எஃப். பணத்தை எடுப்பார்கள், மனைவியின் நகை அடகுக்குப் போகும், அதுவும் போதாவிட்டால் ஊரில் அப்பா வைத்திருந்த அரை ஏக்கர் விலைக்குப் போகும்.

மீதி 48 லட்சத்துக்கு எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். வாடகை 18,000. சித்தப்பா சொல்லும் "அந்தக் காசு" தவணையில் பாதியைக்கூடத் தொடவில்லை. வாடகையைத் தவணையாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சு இங்கேயே முறிந்துபோகிறது. மாறுவது மாதச் செலவு முழுவதும். பிள்ளையின் ட்யூஷன், அம்மாவின் கண் அறுவை சிகிச்சை, வருடத்துக்கு ஒருமுறை ஊர்ப்பயணம் எல்லாம் அந்தத் தவணைக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இனி "தண்ணியில கொட்டுவது" யார் என்று பார்ப்போம். முதல் மாதத் தவணையில் 34,000 ரூபாய் வட்டி. அசலில் கழிவது ஏழாயிரத்துச் சொச்சம். வட்டி என்பது பிறர் பணத்தை நாம் புழங்குவதற்குக் கொடுக்கும் வாடகை, வேறொன்றும் இல்லை. அதுவும் திரும்பி வராது. வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 18,000 வீண் என்றால், வங்கிக்குக் கொடுக்கும் 34,000 எப்படி முதலீடு ஆகும்?

"வாடகை ஏறுமே, தவணை ஏறாதே" என்பார்கள். ஏறட்டும். ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றே வைப்போம். (மாறும் வட்டிக் கடனில் வட்டி உயர்ந்தால் தவணையோ காலமோ ஏறத்தான் செய்யும். அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.) அப்படி ஏறியும், நாம் கொடுக்கும் வாடகை வங்கிக்குப் போகும் வட்டியை எட்டிப் பிடிக்க முழுதாக எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த எட்டு ஆண்டுகளில் வங்கிக்குக் கட்டியது ஏறத்தாழ 40 லட்சம். அசலில் குறைந்தது பத்தரை லட்சம்தான். வட்டியாகப் போனது இருபத்தொன்பதரை லட்சம். அதே எட்டு ஆண்டுகளில் குடித்தனக்காரர் கொடுத்த மொத்த வாடகை 20 லட்சத்து 60 ஆயிரம் சொச்சம். இந்தக் கணக்கை வட்டிக் கணக்கு தெரிந்த யாரிடமும் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

வருமான வரி மிச்சம் என்று ஒரு வாதம் நெடுநாளாக ஓடியது. இப்போது பெரும்பாலான சம்பளக்காரர்கள் இருக்கும் புதிய வரிமுறையில், நாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. அந்த வாதத்துக்கு இதற்கு மேல் இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

கனமான வாதம் வேறொன்று இருக்கிறது. இருபது ஆண்டு முடிவில் வாங்கியவர்களிடம் ஒரு வீடு இருக்கும், உங்களிடம் என்ன இருக்கும்? நியாயமான கேள்வி. நம்மிடம் 17 லட்சத்து 40 ஆயிரம் கரையாமல் இருக்கிறது. தவணைக்கும் வாடகைக்கும் நடுவே தொடக்கத்தில் மாதம் 23 ஆயிரத்துக்கு மேல் மிஞ்சுகிறது. வாடகை ஏற ஏற அது குறைந்து கடைசி இரண்டு ஆண்டுகளில் இல்லாமல் போகிறது. இந்த இரண்டையும் 7 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் விட்டுவைத்தால் இருபது ஆண்டு முடிவில் சுமார் 1 கோடியே 40 லட்சம் நிற்கும். இதை ஜெயிக்க, இருபது ஆண்டு வயதான அந்த ஃபிளாட் அதற்கு மேல் விலை போக வேண்டும். சொத்து வரி, வெள்ளையடிப்பு, லிஃப்ட் மாற்றும் செலவு, மொட்டை மாடி ஒழுகலுக்குத் தலைக்கு இவ்வளவு என்று சங்கம் வசூலித்தது எல்லாம் தனி.

அந்த விலைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஃபிளாட்டில் ஏறுவது நிலத்தின் விலை. கட்டடத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். பத்திரத்தில் நமக்கு எழுதித் தரும் பிரிபடாத பங்கு சில நூறு சதுர அடி. உப்புத் தண்ணீர் ஏறிக் கம்பி துருப்பிடித்து, கூரைப் பூச்சு பெயர்ந்து விழத் தொடங்கிய பிறகு அந்தப் பங்கை நாம் தனியாக எடுத்து விற்க முடியாது. கட்டடத்தை இடித்துக் கட்ட ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் அலைந்த காலம் போய், மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் போதும் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டதே, ஃபிளாட் என்பது தாத்தா கட்டிய வீடு போலப் பேரன் வரை நிற்கும் சொத்தில்லை என்பதற்குச் சான்று.

மிஞ்சியதை யார் சேர்த்து வைக்கிறார்கள், கையில் இருந்தால் செலவாகிவிடும் என்றும் சொல்வார்கள். பல வீடுகளில் இது உண்மை. தவணை ஒரு கட்டாயச் சேமிப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு ஆண்டில் பத்தரை லட்சம் சேர்க்க இருபத்தொன்பதரை லட்சம் கூலி கேட்கும் உண்டியலை நான் வாங்கமாட்டேன். சம்பள நாளன்றே கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் ஆர்.டி.யும் பிபிஎஃப்பும் அஞ்சலகத்திலேயே இருக்கின்றன.

இதுவரை பணம். நான் வாடகை வீட்டை ஆதரிப்பதற்குப் பெரிய காரணம் பணம் கிடையாது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் நாங்கள் மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, முடிச்சூர் பக்கம் ஒரு தரைத்தள வீட்டில் இருந்தோம். அடையாற்று வெள்ளம் இரவோடு இரவாக வந்தது. ஃபிரிட்ஜ் மிதந்தது. குழந்தைகளையும் மாமியாரையும் மேல்மாடி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து, இரண்டு நாள் அங்கேயே கிடந்தோம். தண்ணீர் வடிந்ததும் வேறு வீடு பார்த்தோம். மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது என்று மாமியார் சொன்னதால் தை பிறக்கும் வரை காத்திருந்து, குரோம்பேட்டையில் இரண்டாவது மாடிக்குப் போனோம். ஒரு டெம்போ, இரண்டு ஆள் கூலி, புதிய அட்வான்ஸ். அவ்வளவில் முடிந்தது. எதிர்வீட்டுக்காரர் சொந்தமாக வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அவரால் நகர முடியவில்லை. விற்கலாம் என்றால் அந்தத் தெரு வெள்ளத்தில் மூழ்கியதை ஊரே தொலைக்காட்சியில் பார்த்துவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர் மறுபடியும் படியேறி மேல்வீட்டில் உட்கார்ந்திருந்தார். தவணை அந்த மாதமும் ஐந்தாம் தேதி பிடிக்கப்பட்டது.

இந்தப் புறநகர் அசையாமல் நிற்கும் இடமாக இருந்தால் கதை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலை நகரில் ஃபோர்டு 2021இல் மூடப்போவதாக அறிவித்து அடுத்த ஆண்டு உற்பத்தியை நிறுத்தியது. கோயம்பேட்டில் ஏறிக்கொண்டிருந்த தென்மாவட்டப் பேருந்தை இப்போது கிளாம்பாக்கத்தில் போய்ப் பிடிக்கிறோம். வேலை நகர்கிறது, பள்ளிக்கூடம் மாறுகிறது, பெற்றோருக்கு வயதாகிறது. வாடகைக் குடும்பம் இவற்றோடு நகரலாம். நாங்கள் குரோம்பேட்டையிலிருந்து அடுத்துப் போனதற்குக் காரணம் மாமியாரின் முழங்கால். லிஃப்ட் உள்ள வீடு வேண்டியிருந்தது. பெண்ணின் பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் கிடைத்தது. அந்தத் தெருவில் விலைக்கு வாங்க எங்களால் எந்த ஜென்மத்திலும் முடியாது. வாடகைக்குக் குடியிருக்க முடிகிறது. சொந்தம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் எங்கள் காசுக்குச் செங்கல்பட்டையும் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். தினமும் மின்சார ரயிலில் மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நான் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன்.

வீடு மாறுவது வலிக்காது என்று சொல்லவில்லை. கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, ஆதார் முகவரி என்று ஒவ்வொன்றாக மாற்றியாக வேண்டும். குழந்தை பக்கத்து வீட்டுத் தோழியை விட்டுவிட்டு வர அழும். அந்த வலி ஒரு மாதம் இருக்கும், இரண்டு மாதம் இருக்கும்.

"எலி வளையானாலும் தனி வளை" என்ற பழமொழியை இந்த இடத்தில் யாராவது எடுத்து வீசுவார்கள். அதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். தனி வளை என்றுதான் சொல்கிறது. சொந்த வளை என்று சொல்லவில்லை. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒண்டுக்குடித்தனத்தில் ஒரே கிணறு, ஒரே கழிப்பறை, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பத்துக் குடும்பம் என்று வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் அருமை தெரியும். என் அப்பா அப்படி வளர்ந்தவர். தனக்கென்று ஒரு கதவு, அதற்குள் யாரும் தட்டாமல் வரக்கூடாது என்ற ஏக்கம் அவருடைய தலைமுறைக்கு இருந்தது. இன்று புறநகரில் நான் வாடகைக்கு இருக்கும் இரண்டு படுக்கையறை வீட்டில் அந்தக் கதவு இருக்கிறது. பத்திரம் யார் பெயரில் என்பதைப் பழமொழி கேட்கவே இல்லை.

ஆனால் குடித்தனக்காரருக்கு நிம்மதி இல்லை என்பது உண்மை. இதை மறைத்தால் என் கட்டுரை பொய்யாகிவிடும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிக்கொண்டு, காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாதம் என்று பிடித்துக்கொள்ளும் வழக்கம் சென்னையில் வேரோடியது. மீட்டர் ஒன்றுதான் என்று சொல்லி யூனிட்டுக்கு மனம்போன விலை வாங்குவார்கள். ஆணி அடிக்காதே, எட்டு மணிக்கு மேல் மோட்டார் போடாதே, விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்பார்கள். முன்பிருந்த ஒரு வீட்டில் எங்கள் அட்வான்ஸ் திரும்பி வர ஐந்து மாதம் ஆனது. மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று ஒரு மாதக் கெடுவில் சொல்லிவிட்டு, அடுத்த மாதமே கூடுதல் வாடகைக்கு டு-லெட் போர்டு தொங்கிய கதையைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன்.

இதற்கு எல்லாரும் சொல்லும் தீர்வு "அதனாலதான் சொந்த வீடு வாங்குன்னு சொல்றோம்" என்பது. எனக்கு மிகவும் கோபம் வருவது இங்கேதான். அநியாயம் நடந்தால் அதைத் தட்டிக் கேட்கச் சொல்ல வேண்டும். அதிலிருந்து தப்பிக்க 48 லட்சம் கடன் வாங்கு என்று சொல்வது என்ன நியாயம்?

சட்டம் இல்லாமலில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகள் பற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதைத் தவிர்க்கத்தான் பதினொரு மாத அக்ரிமென்ட் பிறந்தது. புதிய சட்டத்தில் அந்தக் குறுக்குவழிக்கு இடமில்லை. தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்திக் குடித்தனக்காரரை வெளியேற்றக் கூடாது. வெளியேற்ற வேண்டுமானால் சட்டம் சொல்லும் காரணத்தோடு வாடகை நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்பது தவறு என்கிறது. ஆனால் இருவரும் வேறாக ஒப்புக்கொண்டால் பரவாயில்லை என்று ஒரு வாசலையும் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் பத்து மாத அட்வான்ஸ் இன்றும் உள்ளே வருகிறது. 18 ஆயிரம் வாடகை வீட்டுக்குச் சட்டத்தின் அளவு 54 ஆயிரம். கேட்பது 1 லட்சத்து 80 ஆயிரம்.

இத்தனை இருந்தும் குடித்தனக்காரர்கள் பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதில்லை. காரணம் வெட்கம். வாடகை வீடு என்பது ஒரு தற்காலிகக் கேவலம், எப்படியும் இரண்டு வருடத்தில் வாங்கிவிடப் போகிறோம், இதற்குப் போய் ஏன் சண்டை என்ற நினைப்பு. அந்த நினைப்பை ஊட்டியது பந்தியில் கேட்கப்படும் அந்தக் கேள்வி. வாடகையை வீண் என்று சொல்லிச் சொல்லியே, வாடகைக்கு இருப்பவருக்கு உரிமை எதற்கு என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் இருக்கின்றன. அங்கே சட்டம் குடித்தனக்காரர் பக்கம் உறுதியாக நிற்கிறது. அதனால் அவர்கள் அதே வீட்டில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்குகிறார்கள்.

ஒரு சாராரிடம் மட்டும் நான் இதை அழுத்திச் சொல்லத் தயங்குகிறேன். பெயரைக் கேட்டதும் "ஃபேமிலிக்குப் பேசிட்டோம்" என்று கதவு சாத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், "சைவம் மட்டும்" என்ற போர்டுக்குப் பின்னால் தங்கள் சாதியைத்தான் விசாரிக்கிறார்கள் என்று தெரிந்து திரும்பிய தலித் குடும்பங்கள், குழந்தையோடு தனியாக இருக்கும் பெண்கள். இவர்கள் சொந்த வீடு வேண்டும் என்றால் அந்த ஆசைக்குப் பின்னால் காயம் இருக்கிறது. அவர்களுக்குக் கணக்குப் பாடம் நடத்த எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தக் காயத்தை உண்டாக்கியவர்கள் நாம். ஃபிளாட் வாங்கிக் கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லும் முன், சாதி மதம் கேட்டு வீடு மறுப்பதைத் தண்டிக்கும் விதியை வாடகைச் சட்டத்தில் எழுதச் சொல்லி நாம் கேட்டிருக்க வேண்டும்.

கையில் காசு இருந்து, வேலை நிலையாக இருந்து, இந்தத் தெருவில்தான் கடைசிவரை இருப்போம் என்று தெரிந்து வாங்குகிறவர்கள் மகிழ்ச்சியாக வாங்கட்டும். நான் பேசுவது கல்யாணமாகி மூன்று வருடம் ஆன, இருவர் சம்பளத்தில் ஒருவர் சம்பளத்தை முழுசாகத் தவணைக்கு எழுதிக் கொடுக்கப் போகும் பிள்ளைகளைப் பற்றி. அவர்களைத் தள்ளுவது பெண் பார்க்க வரும்போதே "பையனுக்குச் சொந்த வீடு இருக்கா?" என்று கேட்கிற நாம்தான்.

பெரியவர்களுக்கு என் வேண்டுகோள். அடுத்த கிரகப்பிரவேசத்தில் வாடகை வீட்டிலிருந்து வந்த ஒரு தம்பதி உங்கள் பக்கத்து இலையில் உட்கார்ந்தால், எப்போது வாங்கப் போகிறீர்கள் என்று கேட்காதீர்கள். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்தீர்களா என்று கேளுங்கள். அட்வான்ஸ் எத்தனை மாதம் கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். மூன்றுக்கு மேல் என்று சொன்னால், அந்த வீட்டுக்காரர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், அவரிடம் போய்ப் பேசுங்கள்.